மொய் நோட்டில் விட்டுப்போன பெயர்கள்

எங்கள் வீட்டு மொய் நோட்டில் பெரியப்பா மகன் அண்ணனின் பெயர் கடைசியாக வருவது 1992-ல், என் கல்யாணத்துக்கு. 25 ரூபாய். மறு வருஷம் மாசியில் அவர் மகளுக்குக் காது குத்தினார்கள்; அப்பா போய் 51 செய்துவிட்டு வந்தார். அதற்கடுத்த வருஷம் கிணற்றுத் தகராறு. வாரத்தில் நாலு நாள் அவர்களுக்கு, மூன்று நாள் எங்களுக்கு என்று தாத்தா காலத்தில் போட்ட தண்ணீர் முறை. கமலை இறைத்த காலத்தில் பகல்தான் கணக்கு. மோட்டார் வந்து, மும்முனை கரண்ட் ராத்திரியில்தான் வரும் என்று ஆனபிறகு, பன்னிரண்டு மணி தாண்டினால் அது யார் முறை என்று ஒரு கேள்வி முளைத்தது. பேச்சில் ஆரம்பித்து மண்வெட்டிக் காம்பில் முடிந்தது. தம்பிக்குத் தலையில் நாலு தையல்.

அதே வருஷம்தான் எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. நடத்த வேண்டிய பாடம்: சச்சரவுத் தீர்வும் அமைதி ஆய்வும்.

"பங்காளிச் சண்டைய தீத்து வைக்க வக்கில்ல, இவ போயி ஊருக்குச் சமாதானம் சொல்லிக் குடுக்கப் போறா." அம்மா இதை முப்பது வருஷமாகச் சொல்கிறார். போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். அம்மா இன்னும் நிறுத்தவில்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் எங்கள் துறைக்கு இரண்டு அறை, இரண்டு பேர். வாசலில் 'பீஸ் ஸ்டடீஸ்' என்று தமிழில் எழுதி மாட்டியிருந்தோம். ஜூன் மாதம் முழுக்கப் பிள்ளையைச் சேர்க்க வந்தவர்கள் ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் அறைக்குள் வந்து, "எம்புட்டு கட்டணும்?" என்று கேட்பார்கள். பீஸ் கட்டுகிற இடம் என்று நினைப்பு. போர்டை மாற்றி 'அமைதிக் கல்வித் துறை' என்று எழுதினோம். அதற்குப் பிறகு பசங்கள் வாசலில் நின்று உதட்டில் விரலை வைத்து "உஷ்ஷ்" என்று காட்டிவிட்டு ஓடினார்கள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் என் வேலையின் பெரிய சிக்கல் அந்த விரலில்தான் இருந்தது. தமிழில் அமைதி என்றால் முதலில் சத்தம் இல்லாமல் இருப்பது. வகுப்பில் வாத்தியார் மேஜையைத் தட்டினால் வருவது அமைதி. சமாதானம் என்றாலோ, யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்தது. கோர்ட்டில் 'ராஜி' ஆவது, பஞ்சாயத்தில் 'பேசி முடிப்பது' எல்லாம் அந்த வகைதான். நான் நடத்த வேண்டியிருந்த விஷயத்துக்கு இந்தச் சொற்கள் எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை.

இந்தப் பாடத்துக்கே வயசு அதிகமில்லை. யொஹான் கால்டுங் என்ற நார்வேக்காரர் 1959-ல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வுக்கென்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1964-ல் அதற்கென்று ஓர் ஆய்விதழ். கட்டாய ராணுவப் பணியை மறுத்து ஜெயிலுக்குப் போன ஆள். ஆர்னே நெஸ் என்ற தத்துவப் பேராசிரியரோடு சேர்ந்து 1955-லேயே காந்தியின் அரசியல் அறத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். பிறகு 1971-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு துறை, 1973-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு துறை. அதற்கு முதல் பேராசிரியரான ஆடம் கர்ல், நைஜீரியாவின் பயாஃப்ரா போரில், போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களின் சார்பில் இரண்டு தரப்புக்கும் நடுவில் அலைந்தவர்.

கால்டுங் 1969-ல் எழுதிய ஒரு கட்டுரையை 31 வருஷமும் நடத்தினேன். அதில் காசநோயை வைத்து ஓர் உதாரணம் வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் காசநோயில் செத்தால் அதை வன்முறை என்று சொல்ல முடியாது, அன்றைக்கு யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. இன்றைக்கு, மருந்தும் ஆஸ்பத்திரியும் இருக்கும்போது ஒருவர் அதே நோயில் செத்தால் அது வன்முறை. கத்தி எடுத்தவன் என்று யாரையும் காட்ட முடியாது. ஆனாலும் ஆள் செத்திருக்கிறார். இதற்கு அவர் வைத்த பெயர் 'கட்டமைப்பு வன்முறை'. சண்டை ஓய்ந்து கிடப்பது 'எதிர்மறை அமைதி', இந்தக் கட்டமைப்பும் சரியாவது 'நேர்மறை அமைதி'.

தமிழில் இதைச் சொன்னால் பரீட்சைப் பேப்பரில் என்ன வரும் தெரியுமா? "எதிர்மறை அமைதி என்பது எதிரியோடு செய்துகொள்ளும் அமைதி." மூன்று வருஷம் தொடர்ந்து இதே விடை வந்தது. ஒரு தடவை அரை மார்க் போட்டேன். யோசித்துப் பார்த்தால் முழுத் தப்பும் இல்லை.

(கால்டுங் 2024 பிப்ரவரி 17-ல், 93 வயதில் இறந்தார். எனக்கு அது கடைசி செமஸ்டர். யூதர்களைப் பற்றி அவர் முதுமையில் பேசிய சில பேச்சுகளை என்னால் ஏற்க முடியவில்லை. வகுப்பில் அதையும் சொல்லித்தான் நடத்தினேன். அதற்காக 1969 கட்டுரையைத் தூக்கிப் போட முடியாது.)

ஆய்வுக்குப் பதிவு செய்தபோது என் நெறியாளர் கொடுத்த தலைப்பு, கிராமத் தகராறுகளில் வருவாய்த்துறை நடத்தும் சமாதானக் கூட்டங்கள். அப்போது தென்மாவட்டம் சாதிச் சண்டையில் எரிந்துகொண்டிருந்தது. 1995 ஆகஸ்ட் 31-ல் தலித்துகளின் ஊரான கொடியன்குளத்தில் போலீஸ் நுழைந்து வீடுகளைச் சூறையாடியது. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் 144 போட்ட ஊர். தாசில்தார் ஆபீஸ்களில் வாரத்துக்கு ஒன்றாவது சமாதானக் கூட்டம்.

நான் முதலில் போய் உட்கார்ந்த கூட்டம் முளைப்பாரி போகிற பாதை பற்றியது. ஊர் பெயர் வேண்டாம். தாசில்தார் அறையில் ஏழு நாற்காலி. மேலத்தெருக்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவர்களாகவே உட்கார்ந்தார்கள். கீழத்தெருவிலிருந்து வந்தது நாலு பேர். மிச்சம் இருந்தது இரண்டு நாற்காலி. நாலு பேரில் யார் உட்காருவது என்று அவர்களுக்குள் ஒரு பார்வை ஓடியது. பிறகு நாலு பேருமே ஜன்னலோரம் நின்றுகொண்டார்கள். ஒன்றரை மணி நேரம் அந்த இரண்டு நாற்காலியும் காலியாகவே கிடந்தன. டீ வந்தது. நின்றவர்கள் ஜன்னல் திண்டில் வைத்துக் குடித்தார்கள்.

கடைசியில் ஒரு தாள் எழுதினார்கள். "இரு தரப்பினரும் அமைதி காப்பதென்றும், வழக்கமான பாதையிலேயே முளைப்பாரி எடுத்துச் செல்வதென்றும் ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது." வழக்கமான பாதை என்பதுதான் தகராறே. ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நின்றவர்களில் ஒரு பெரியவர் போடும்போது மேஜை எட்டாமல் குனிந்து போட்டார். அந்த வருஷம் திருவிழா நல்லபடியாக நடந்தது. அரசுப் பதிவேட்டில் அது சுமுகமாகத் தீர்ந்த வழக்கு. என் ஆய்வேட்டின் முதல் வரைவிலும் நான் அதை 'வெற்றி' என்ற கட்டத்தில்தான் போட்டேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் அடித்துத் திருத்தினேன்.

திருத்த வைத்தது புத்தகமில்லை, மொய் நோட்டு.

சண்டை தீர்ந்துவிட்டதா என்று ஊரில் போய்க் கேட்டால் யாரும் "அமைதி நிலவுகிறது" என்று சொல்ல மாட்டார்கள். "இப்ப பேச்சு இருக்கு" என்பார்கள். இல்லாவிட்டால், "பேச்சு இல்ல, ஆனா நல்லது கெட்டதுக்கு வருவாக போவாக" என்பார்கள். இதுதான் அவர்களுடைய அளவுகோல்: கல்யாணத்துக்கு வந்தானா, கேதத்துக்கு வந்தானா. ஜான் பால் லெடரக் என்று ஓர் அறிஞர், போரை மறுக்கும் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். மத்திய அமெரிக்காவில் வேலை பார்த்தவர். கோஸ்டாரிகாவில் ஜனங்கள் தங்கள் சண்டையை மீன்வலையிலிருந்து வந்த ஒரு சொல்லால் குறிக்கிறார்கள், வலை சிக்கிக்கொண்டதுபோல், என்று கவனித்து, வெளியிலிருந்து முறைகளைக் கொண்டுபோய் இறக்குவதைவிட அங்குள்ள சொல்லிலிருந்து தொடங்குவதே சரி என்று எழுதினார். அதைப் படித்த அன்றைக்கு எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. வந்தது போனது எல்லாம் எங்கள் ஊரில் எழுத்திலேயே இருக்கிறதே!

மொய் நோட்டு தெரியாதவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன். மண்டப வாசலில் மேஜை, தாம்பாளம், நல்ல கையெழுத்துக்காரர் ஒருவர். பிள்ளையார் சுழி, தாய்மாமன் பெயர் முதலில். பிறகு ஊர், பெயர், தொகை. விசேஷம் முடிந்ததும் நோட்டு பீரோவுக்குள் நகையோடு போய்விடும். யாருக்கு நாம் செய்ய வேண்டும், யார் நமக்குச் செய்ய வேண்டும் என்பதற்கு அதுதான் ஆதாரம். வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். பேராவூரணிப் பக்கம் அந்தக் கூடுதலைப் 'புது நடை' என்கிறார்கள். சரிக்குச் சரியாகத் திருப்பினால் உறவு வேண்டாம், கணக்கை முடித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

நோட்டைத் தரச் சொல்லிக் கேட்டு மூன்று ஊரில் வீடு வீடாக அலைந்தேன். நகையைக்கூடக் காட்டினார்கள், நோட்டைக் காட்ட யோசித்தார்கள். நாற்பது நோட்டுக்குமேல் கிடைத்ததைப் பெரிய சாதனையாகத்தான் இன்றும் நினைக்கிறேன். தேதி வாரியாக வரிசை கட்டி வைத்தால் எந்த வருஷம் எந்தக் குடும்பம் யாரோடு முறைத்துக்கொண்டது, எப்போது சேர்ந்தது, எல்லாம் தெரிந்தது. ஒரு பெயர் பத்து வருஷம் வரும், பட்டென்று நிற்கும். ஆறு வருஷம் கழித்து ஒரு கேதத்துக்கு வரும். சாவுக்கு வந்துவிட்டால் அடுத்த கல்யாணத்துக்கும் வந்துவிடும். கல்யாணத்தில் ஒட்டாத பங்காளி கருமாதியில் ஒட்டுவான் என்பதை அட்டவணை போட்டு நிரூபித்தது உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

நெறியாளர், "இதெல்லாம் டேட்டாவாம்மா?" என்றார். ஆனால் படித்துப் பார்த்தார். படித்துவிட்டுக் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "இது என்ன?" என்றார்.

நான் அதுவரை அந்தப் பக்கங்களைச் சரியாகப் பார்க்கவில்லை. வரவு முடிந்தபிறகு பின்பக்கத்திலிருந்து செலவு எழுதுவார்கள். பந்தல் இவ்வளவு, சமையல் இவ்வளவு. அதற்குக் கீழே: 'கொட்டுக்காரருக்கு 40. வண்ணாருக்கு 25, வேட்டி 1. துட்டி சொல்லப் போனவருக்கு 20.' ஒரு சாவு விழுந்தால் வெயிலில் இருபது ஊருக்கு நடந்து போய்ச் சொன்னவர். அவருக்கு இந்த நோட்டில் பெயர் இல்லை. வரவுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெயர், செலவுப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொழில்.

அன்றைக்குத்தான் கால்டுங் எனக்குத் தமிழில் புரிந்தார். சண்டை ஒரு பெயரை நோட்டிலிருந்து எடுத்துவிடும். அது தெரியும், தேதி போட்டுச் சொல்லலாம், சமாதானம் பேசலாம். நோட்டில் ஏறவே ஏறாத பெயர் ஒன்று இருக்கிறது. அதைக் காணோம் என்று யாரும் தேடுவதில்லை. கீழத்தெருப் பெரியவர் குனிந்து கையெழுத்துப் போட்ட சமாதானம் எந்த அமைதியையும் குலைக்கவில்லை, ஏனென்றால் எந்த நோட்டிலும் ஏறாத அவர் பெயர் விட்டுப்போக வழியே இல்லை. 'எதிர்மறை அமைதி' என்ற சொல்லை அதற்குப் பிறகு கரும்பலகையில் நான் எழுதியதில்லை. இரண்டு பக்கம் வரைவேன், வரவு, செலவு. பிள்ளைகளை அவரவர் வீட்டு நோட்டைப் பார்த்து வரச் சொல்வேன். சிலர் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

உப்சாலாக்காரர்கள் உலகத்துச் சண்டைகளையெல்லாம் வருஷா வருஷம் எண்ணுகிறார்கள். வருஷத்துக்கு 25 பேராவது மோதலில் செத்திருந்தால்தான் அது பட்டியலில் ஏறும். 1000 பேர் செத்தால் போர். நல்ல வேலைதான், அந்த எண்கள் இல்லாமல் என் வகுப்பு நடந்திருக்காது. ஆனால் 1997 ஜூன் 30-ல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஆறு பேரையும் வெட்டிக் கொன்றார்கள். தனித்தொகுதியில் நின்று ஜெயித்ததற்காக. ஏழு பேர். 25-க்குக் கீழே. உத்தப்புரத்தில் தலித்துகளைத் தடுத்து நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6-ல் இடித்தார்கள்; சுவரால் செத்தவர்கள் என்று கணக்கெடுத்தால் எத்தனை வரும்? சுவர் நின்ற காலத்தில் அந்த வழியாகப் போகாதவர்களை எப்படி எண்ணுவது?

நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு, கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை நினைத்தால். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபிறகு அவரும் கணவர் ஜெகந்நாதனும் அந்தப் பக்கம் போய்த் தங்கி வேலை செய்தார்கள். 1981-ல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களிடம் பேசி, பேங்க் கடன் வாங்கி, நிலமில்லாத தலித் பெண்களின் பெயரில் பட்டா எழுத வைத்தார்கள். பெயரில்! எங்கள் துறையில் 'கட்டமைப்பு மாற்றம்' என்று 40 பக்கம் எழுதுவதை அவர் பத்திர ஆபீஸில் முடித்தார். 1987-ல் கால்டுங்குக்குக் கொடுத்த அதே ரைட் லைவ்லிஹுட் விருதை, 'மாற்று நோபல்' என்பார்களே அதை, 2008-ல் இவர்கள் இருவருக்கும் கொடுத்தார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் வகுப்பில் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

ஒரு மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரைக்குப் பக்கத்து முகாமிலிருந்து வந்த ஈழத்துப் பிள்ளை. 2002 பிப்ரவரியில் நார்வே நடுவில் நின்று செய்துவைத்த போர்நிறுத்த ஒப்பந்தத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஏன் முறிந்தது, கண்காணிப்புக் குழு ஏன் 2008 ஜனவரியில் கிளம்பிப் போனது என்றெல்லாம் படம் போட்டு விளக்கினேன். அவள் எழுந்து, "மிஸ், அம்மா ஆக்கள் அதைச் சமாதான காலம் எண்டுதான் சொல்லுறவை" என்றாள். ஊரில் எல்லாருமே அப்படித்தான் சொல்வார்களாம். சமாதான காலத்தில் வீடு கட்டினோம், சமாதான காலத்தில் அக்காவுக்குக் கல்யாணம், சமாதான காலத்தில் கொழும்புக்குப் போய் வந்தோம். மழைக்காலம் வெயில்காலம் மாதிரி, வரும், போகும். அதைக் கேட்டபிறகு நான் படத்தை அழித்துவிட்டேன். ஒப்பந்தத்தின் ஷரத்துகளுக்குப் பதிலாக அந்த ஒரு மணி நேரமும், அவள் வீட்டில் அந்தக் காலத்தில் என்னென்ன நடந்தது என்று அவளையே சொல்லச் சொன்னோம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலை திறந்தது முதல் ஆரம்பித்தாள்.

கடைசி ஆறேழு வருஷம் எங்கள் துறை சுருங்கிவிட்டது. தனிப் பட்டமாக இருந்தது விருப்பப் பாடமாகி, பிறகு 'மதிப்புக் கல்வி'க்குள் ஓர் அலகாகி, நான் கிளம்பும்போது வாரம் ஒரு மணி நேரம். அதைப் பற்றிப் புலம்பப் பக்கங்கள் இருக்கின்றன, மனசு இல்லை.

அதைவிட முக்கியமான செய்தி இது. பழைய மூன்று ஊரில் ஒன்றுக்குப் போன ஆனியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். இப்போது நோட்டு இல்லை, லேப்டாப், பிரிண்டர். காசு கொடுத்தால் ரசீது வருகிறது. கீழத்தெருவைச் சேர்ந்த தலைமையாசிரியர் ஒருவர் மொய் வைத்தார். அவரை எனக்குத் தெரியும். 2016-ல் இதே வீட்டில் அவர் வைத்த மொய்யை நோட்டில் பார்த்திருக்கிறேன்: 'எச்.எம். சார் – 200'. வரவுப் பக்கத்துக்கு வந்தபிறகும் தொழில்தான். இந்தத் தடவையும் தட்டச்சுப் பையன் 'எச்.எம். சார்' என்று அடித்தான். மெஷின் ஏற்கவில்லை. முன்னெழுத்து, பெயர், ஊர், எல்லாம் கேட்டது. பையன் நிமிர்ந்து, "சார், உங்க பேரு?" என்றான். அவர் சொன்னார். இதை எந்த அமைதிக் கோட்பாட்டில் சேர்ப்பது என்று தெரியாமல் அந்த ரசீதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

தையில் எங்கள் வீட்டில் தம்பி மகனுக்குக் கல்யாணம். பெரியப்பா வீட்டுக்குப் பத்திரிகை வைக்கத் தம்பி போகவில்லை, நான் போனேன். அண்ணன் திண்ணையில் இருந்தார். வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று அவர் வரவில்லை. மகன் வந்தான். "அத்தை" என்று என் காலைத் தொட்டுவிட்டு நேரே மொய் மேஜைக்குப் போனான். ரசீதைத் தம்பிதான் முதலில் பார்த்தான். 51 ரூபாய்.

"இன்னிக்கு ஐநூறுக்குக் கொறஞ்சு யாரு வைக்கிறா? அப்பா வச்ச அம்பத்தோர அப்படியே மூஞ்சில விட்டு எறிஞ்சிட்டான்க்கா. கணக்க முடிச்சிட்டான்."

ராத்திரி பீரோவிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கல்யாணத்துக்கு அவர் வைத்தது 25. அப்பா திருப்பிச் செய்த 51-ல் அந்த 25 கழிந்துவிடும். அவர் நமக்குத் தர வேண்டியது 26 மட்டும்தான். 51 வைத்திருக்கிறார். அப்படியானால் 25 புதுசு. தம்பியிடம் சொன்னேன். "முப்பது வருஷம் கழிச்சு அவன் இம்புட்டு கணக்குப் பாத்திருப்பான்னா சொல்ற? போக்கா" என்றான்.

அம்மா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "கணக்க முடிக்கிறவன் மகன எதுக்குடி அனுப்புறான்? அந்தப் பய சாப்ட்டுட்டுப் போனானா, அதச் சொல்லு மொதல்ல."